இலவச ஆபரேஷனுக்கு ஆன செலவு

என் கடை மேசை டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அட்டையில் 'ஜெராக்ஸ் பாக்கி' என்று எழுதியிருக்கும். முதல் ஆறு பக்கம் அதுதான். ஏழாம் பக்கத்திலிருந்து என் தங்கச்சியின் கணக்கு. 'சென்னை 1' என்று தலைப்புப் போட்டு, பஸ், டீ, இட்லி, ஷேர் ஆட்டோ என்று தொடங்கி 'சென்னை 11' வரைக்கும் போகிறது. அப்புறம் சில பக்கங்கள் தலைப்பே இல்லாமல். எல்லாவற்றையும் கூட்டினால் 49,800 ரூபாய் வருகிறது. ஆஸ்பத்திரி பில் என்று எழுதிய இடத்துக்கு நேரே மட்டும் ஒரு பெரிய சுழி.

அந்தச் சுழியைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் திருநங்கைகளுக்குப் பால்மாற்று அறுவை சிகிச்சை இலவசம். இந்தியாவின் பல மாநிலங்கள் யோசிக்கவே தொடங்காத காலத்தில் இங்கே அது வந்துவிட்டது. 2008 ஏப்ரல் 15 அன்று அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. நாட்டிலேயே முதல் வாரியம். இதையெல்லாம் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் அது நன்றி கெட்ட எழுத்து. ஆனால் ஒரு சுழி வர வேண்டும் என்பதற்காக எங்கள் வீட்டில் மற்ற வரிகள் எப்படி நிரம்பின என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் இல்லையா?

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சங்கராபுரம் பக்கம். நான் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப், பான் கார்டு. ஊருக்கே பேப்பர் வேலை பார்ப்பவன் நான்தான். என்னைவிட நாலு வயது இளையவள் என் தங்கச்சி. அவளைப் பத்தொன்பது வயது வரைக்கும் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். அது எப்படி மாறியது என்பது தனிக் கதை. அதில் நான் நல்லவனாக வரமாட்டேன், அதனால் இங்கே வேண்டாம்.

அவள் தெருக்கூத்துக்காரி. பதினைந்து வயதிலிருந்து பெண் வேஷம் கட்டுகிறாள். எங்கள் பக்கத்தில் கூத்துக் குழுவை ஜமா என்போம். திருநங்கைகள் தங்கள் குடும்ப அமைப்பை ஜமாத் என்கிறார்கள். "நான் ராத்திரியில ஜமா, பகல்ல ஜமாத்" என்று அவளே சிரிப்பாள். மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான் கூத்துக்காரர்களுக்குக் காசு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், மாரியம்மனுக்குத் திருவிழா வரும், ஊருக்கு ஊர் அழைப்பார்கள். ஒரு ராத்திரிக்கு அவளுக்கு 900 ரூபாய். ஆடி முடிந்தால் சமையல் வேலைக்கு எடுபிடியாகப் போவாள், இல்லையென்றால் சும்மா இருப்பாள். கடை கடையாகக் கைதட்டிக் காசு கேட்பதைக் கடை கேட்பது என்பார்கள். அதற்கு அவள் போனதில்லை. போகிறவர்களை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதும் இல்லை.

இந்தக் கூத்துக் காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதலில் ஹார்மோன். நாங்கள் சென்னைக்குப் போவதற்குப் பல வருடம் முன்பே அவள் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள் என்பது டாக்டர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. கருத்தடை மாத்திரை. மாலா-என் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மாலா-டி மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி தனக்கென்று வாங்கி இவளிடம் கொடுத்திருக்கிறாள். நாளுக்கு எத்தனை என்று கணக்கே கிடையாது. மார்பு வளர வேண்டும், முகம் மாற வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ரடயால் ரத்தத்தைக் கட்டியாக்கும் ஆபத்து உள்ளது, அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும், காலில் கட்டும் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை என்று விளக்கினார். "கால் வீங்கியிருக்கா எப்பயாவது?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. ராத்திரி முழுக்க ஆடியதால் வந்த வீக்கம் என்று அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதை விவரமில்லாத்தனம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு எட்டிய தூரத்தில், அவள் கையிலிருந்த காசுக்கு, பெண்மைக்கு வேறு கடை இல்லை. முறையாக எழுதித் தரப்படும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இன்று எங்களுக்கு மாதம் எழுநூறு எண்ணூறு ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை தனி. ஒன்று இலவசம், மற்றது மாதம் எண்ணூறு, அதற்குச் சீட்டு எழுதும் டாக்டர் 240 கிலோமீட்டருக்கு அப்பால். பதினேழு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

இனி அந்த 240 கிலோமீட்டர்.

எங்கள் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி வரை டவுன் பஸ். 2021-இல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது, கொஞ்ச நாளிலேயே திருநங்கைகளையும் சேர்த்தார்கள். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். டிக்கெட் மிச்சம் என்பதால் இல்லை, கண்டக்டர் கேட்காமலே அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் என்பதால். ஆனால் இலவசம் சாதாரண டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. கள்ளக்குறிச்சியில் இறங்கிச் சென்னை பஸ் ஏறினால் முழு டிக்கெட். இரண்டு பேர் போய்வர எண்ணூறு சொச்சம். சாப்பாடு, ஆட்டோ சேர்த்து ஒரு நடைக்குச் சராசரியாக 1,500. பதினொரு நடைக்கு 16,500.

பஸ் டிக்கெட் பெரிய தொகை என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையில் தமிழ்நாட்டு அரசு பஸ் கட்டணம் மலிவுதான். விலை கூடியது நாள்தான். முந்தின ராத்திரி கிளம்ப வேண்டும். விடிகாலை சென்னையில் இறங்கி, கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்க வேண்டும். டாக்டரைப் பார்க்க மதியம் ஆகும். ஒரு டெஸ்ட் எழுதுவார். அது அன்றைக்கே முடிந்தால் அதிர்ஷ்டம். முடியாவிட்டால் ராத்திரி தங்க வேண்டும். ஒருமுறை லாட்ஜுக்குப் போனோம். லாட்ஜ்காரர் என் ஆதாரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரூம் இல்லை என்றார். எங்களுக்குப் பின்னால் வந்தவருக்குச் சாவி கொடுத்ததையும் பார்த்தோம். அப்புறம் லாட்ஜ் பக்கமே போகவில்லை. எக்மோர் ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டோம். அந்த ராத்திரி கூத்துக்குப் போயிருந்தால் வந்திருக்கும் தொள்ளாயிரம் ரூபாய் நோட்டில் இல்லை. அதனால் அது செலவு இல்லை என்று ஆகிவிடுமா, எனக்குத் தெரியவில்லை.

பதினொரு நடை ஏன் என்று கேட்பீர்கள். அறுவைக்கு முன்பு மனநல மருத்துவர் பலமுறை பார்த்துச் சான்று தர வேண்டும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஹார்மோன் அளவைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரியில் பதிவு. ரத்தம், இதயம், எக்ஸ்ரே, மயக்க மருந்துக்கான ஃபிட்னெஸ். ஒவ்வொன்றும் ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிழமை. நாங்கள் போனது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஒருமுறை போனால் டாக்டர் மாநாட்டுக்குப் போயிருந்தார். ஒருமுறை ஹார்மோன் டெஸ்டுக்கான மருந்து தீர்ந்துவிட்டது, "வெளிய எடுத்துட்டு வாங்க" என்றார்கள். வெளியே 2,800 ரூபாய். அடுத்த முறையும் வெளியே, அதே 2,800. வேண்டுமென்றே அலைக்கழித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே இருந்த நர்ஸம்மா ஒருத்தர், "ஏம்மா, இவ்ளோ தூரத்துல இருந்து வர்றீங்க, ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா" என்று வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒரு விஷயம் இன்றுவரை புரியவில்லை. கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில், தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் எங்களுடையதும் ஒன்று. அறுவையைச் சென்னையில்தான் செய்ய முடியும் என்றால் சரி, அது நுட்பமான வேலை. ஆனால் மனநல மருத்துவர், ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மாத்திரைச் சீட்டு? எங்கள் பதினொரு நடையில் ஒன்பது இந்த மாதிரி வேலைக்குத்தான். மாவட்டத்தில் எடுத்த காகிதத்தைத் தலைநகரம் ஏற்றுக்கொள்ளும் என்று ஓர் உத்தரவு இருந்திருந்தால் அந்த ஒன்பதும் டவுன் பஸ் தூரம். அதுவும் இலவச டவுன் பஸ்.

பேப்பர் வேலை என் தொழில் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அவளிடம் வாரிய அட்டை இருந்தது. அதுவே போதும் என்று நினைத்திருந்தோம். ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு என்று 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு வாரிய அட்டை செல்லாது, தேசிய இணையதளத்தில் வாங்கிய திருநர் சான்று வேண்டும். அப்போதிருந்த 2020 விதிகளின்படி மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்காமல், பிரமாணப் பத்திரத்தின் பேரில் கலெக்டர் முப்பது நாளில் தர வேண்டியிருந்த சான்று அது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்கவில்லை. நானே போட்டேன். ஆதாரில் பழைய பெயர், பள்ளிச் சான்றிதழில் பழைய பெயரே வேறு எழுத்தில், ரேஷன் கார்டில் 'மகன்'. ஒன்று சரியானால் அடுத்தது இடிக்கும். முப்பது நாள் நான்கு மாதம் ஆனது. கெஜட், நோட்டரி, பத்திரம், போட்டோ எல்லாம் சேர்த்து 1,900. இதில் ஜெராக்ஸ் காசு சேர்க்கவில்லை, கடைக்காரன் நான்தானே. கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணன் இல்லாத ஒரு பிள்ளை இதை எப்படிச் செய்யும் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் நாடு முழுக்க 4,87,803 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராமத்தில்.

சரி, சான்று வந்தது, காப்பீடும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காப்பீடு எதற்குப் பணம் தரும்? ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதற்கு. படுப்பதற்கு முந்தைய 3 நாள், வீட்டுக்கு வந்த பின் 15 நாள் மருந்து, அதோடு முடிந்தது. 2019 திருநர் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அறுவை, ஹார்மோன், லேசர் எல்லாவற்றுக்கும் காப்பீடு என்று அழகாக எழுதியிருக்கிறது. ஹார்மோன் என்பது ஆயுள் முழுக்க ஓ.பி.யில் நடக்கிற காரியம். படுக்கையைக் கணக்கு வைத்துப் பணம் தரும் திட்டத்துக்குள் அது எப்படி நுழையும்? லேசரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தாடிக்கு லேசர் வைக்க எட்டு, பத்து முறை போக வேண்டும். அவள் விட்டுவிட்டாள். "வேஷத்துக்கு அரிதாரம் மறைச்சிடும், பகல்லதான் பாக்கறவங்க கண்ணு உறுத்தும், உறுத்தட்டும்" என்றாள்.

இதற்கு நடுவில் அவளுடைய குரு, அதாவது ஜமாத்தில் அவளுக்குத் தாய் மாதிரியான மூத்த திருநங்கை, ஒரு வழி சொன்னார். விழுப்புரத்தில் இருக்கிறார், ஐம்பது வயதைத் தாண்டியவர். வேறு மாநிலத்தில் தெரிந்த ஒரு நர்ஸிங் ஹோம், போய் மூன்றே நாளில் நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்குவதை ஜமாத்தில் அப்படித்தான் சொல்வார்கள்) ஆகிவிட்டுத் திரும்பலாம், ஒரு லட்சத்து இருபதாயிரம், பணம் அவர் போடுவார். நான் எகிறிக் குதித்தேன். கடன் கொடுத்து அடிமையாக்கும் வேலை, இந்த ஜமாத்தே இப்படித்தான் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். குரு கோபப்படவில்லை. கணக்குச் சொன்னார்.

"தம்பி, ஆபரேஷனுக்கு அறுபதுதான். மீதி எதுக்கு தெரியுமா? நாப்பது நாளு இவ என் வீட்ல படுத்திருப்பா. சோறு, பத்தியம், கறி, வெந்நீர் வெக்க ஒரு ஆளு, ரெண்டாவது தடவ ரத்தம் வந்தா ஓடுறதுக்குக் கையில காசு, நாப்பதாம் நாள் பால் ஊத்துற செலவு. உங்க கவர்மென்ட்ல இதுக்கெல்லாம் யாரு குடுப்பா?"

அந்த நாற்பது நாளை நான் வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். கண்ணாடி பார்க்கக் கூடாது, தலை சீவக் கூடாது, பால் சேர்க்கக் கூடாது, நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, அவர்கள் கும்பிடும் மாதா அம்மனுக்குப் பூஜை போட்டு, பால் குடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் ஊற்றுவார்கள். தாயம்மா என்று ஒருத்தர் மயக்க மருந்து இல்லாமல் அறுத்த காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்தக் காலத்தில் டாக்டர்கள் இதில் கை வைக்கப் பயந்தார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு ஆண்மை நீக்குவதைக் கொடுங்காயங்களின் பட்டியலில் முதலாவதாக வைத்திருந்தது. செத்தால் குழி, பிழைத்தால் நாற்பது நாள். அந்தச் சடங்குக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது என்று குரு சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அறுபட்டவள் நாற்பது நாள் சம்பாதிக்கமாட்டாள், அவளுக்கு யாராவது சோறு போட வேண்டும். இதைச் சாமி பேரில் கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்து லட்ச ரூபாய் காப்பீட்டை எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லை.

அதற்காக அந்த வழி நல்லது என்று சொல்லிவிட முடியாது. குருவின் லட்சத்து இருபதாயிரம் சும்மா வருவதில்லை. அதை அடைக்க இரண்டு மூன்று வருடம் கடை கேட்க வேண்டும். கடை கேட்டுத் தீராத கடனை ராத்திரியில் ரோட்டோரம் நின்று தீர்ப்பவர்கள் உண்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் தங்கச்சிக்கு அதைவிட ஒரு பயம் இருந்தது. கடன் வாங்கினால் விழுப்புரத்திலேயே இருக்க வேண்டும், கூத்து போய்விடும். அதனால் வேண்டாம் என்றாள். குரு, "சரி மகளே, ஆனா நாப்பது நாளு யாரு பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

கேரளாவில் இதற்குக் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டாலும் அரசு ஒரு தொகை தருகிறது. 2018-இல் 2 லட்சம் வரை என்று தொடங்கியது, பிறகு திருநங்கைகளுக்கு 2.5 லட்சம், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு 5 லட்சம் வரை என்று உயர்ந்தது. எனக்கு அந்த லட்சங்களைவிடப் பிடித்தது வேறு ஒன்று. அறுவைக்குப் பிறகு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய். சத்தான சாப்பாட்டுக்கும் தொடர் மருந்துக்கும். யாரோ ஒரு அதிகாரி நாற்பது நாளைப் பற்றி யோசித்திருக்கிறார். நம் ஊரில் மாத உதவித்தொகை உண்டு, 2023-இல் அதை 1,500 ஆக்கினார்கள். ஆனால் அது நாற்பது வயதுக்கு மேற்பட்ட, ஆதரவற்ற திருநங்கைகளுக்கு. அறுவைக்குப் போகிறவள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பாள்.

தேதி வந்தது. மாசி மாதம்.

ஆறு மாதம் காத்திருந்த தேதி. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்லமுடியாது என்றார்கள். மாசியில் படுத்தால் ஆனி வரைக்கும் ஆட முடியாது. அந்த வருடம் அவள் ஒப்புக்கொண்டிருந்தது நாற்பத்தைந்து கூத்து. நாற்பத்தைந்தைத் தொள்ளாயிரத்தால் பெருக்கினால் 40,500. வருஷ வருமானமே அவ்வளவுதான், கூடக் கொஞ்சம் சமையல் காசு. ஜமா வாத்தியார் நல்லவர். "உடம்பப் பாரும்மா" என்று சொல்லி வாங்கியிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அந்த சீசனுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளாமல் அவரால் பாரதம் நடத்த முடியுமா?

கூட ஒரு ஆள் இல்லாமல் வார்டில் சேர்க்கமாட்டார்கள். பத்தொன்பது நாள் நான் இருந்தேன், கடையை என் மனைவி பார்த்துக்கொண்டாள். வார்டுக்கு வெளியே தரையில் படுக்கை, எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு, அவளுக்கு இளநீர், வெளியே வாங்கச் சொன்ன பஞ்சு, துணி, ஒரு களிம்பு, ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கையில் வைத்தது. 9,000. அம்மா தன் தோட்டைக் கூட்டுறவு சொசைட்டியில் வைத்துப் பணம் கொண்டுவந்தார். அங்கே எதற்கு என்று கேட்டதற்கு "உர மூட்டைக்கு" என்றாராம். மகளிர் குழுவில் கேட்டிருந்தால் இன்னும் லேசாகக் கிடைத்திருக்கும், ஆனால் குழுவில் எதற்கு என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் உட்கார முடியாது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்தோம். கார், 6,000 ரூபாய். பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்து வந்தாள். திண்டிவனம் தாண்டியதும் ரோடு வேலை நடந்த இடத்தில் டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னாடியே "பாப்பா, பிடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவருக்கு என்ன ஆபரேஷன் என்று நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இனி நோட்டில் நான் அடிக்கடி திருப்பிப் பார்க்கும் வரி. 'கதவு – 6,500.'

டாக்டர் சொல்லி அனுப்பியவை: தினம் வெந்நீரில் உட்கார வேண்டும், காயம் சுத்தமாக இருக்க வேண்டும், புதிதாக அமைத்த பாதை சுருங்கிவிடாமல் இருக்க டைலேட்டரைத் தினமும், சில மாதங்களுக்கு, குறிப்பிட்ட நேரம் உள்ளே வைத்திருக்க வேண்டும். தனியறையில், படுத்துக்கொண்டு, நிதானமாக. எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். கழிப்பறை தோட்டத்தில், தகரத்தை நிறுத்தி வைத்து மறைத்தது. கதவென்று இருந்தது சாக்கு. உள்ளே தாழ்ப்பாள் போட்டு அரைமணி நேரம் ஒருத்தி தனியாக இருக்க எங்கள் வீட்டில் இடமே கிடையாது. இத்தனை வருடம் அது ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை. சமையலறையை ஒட்டிய விறகு வைக்கும் சார்ப்பைக் காலி செய்து, சுவர் எழுப்பி, ஒரு பி.வி.சி. கதவு போட்டோம். உள்பக்கம் தாழ்ப்பாள். கொத்தனார், "பொண்ணுக்குத் தனி ரூமா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். எங்கள் வீட்டில் அவளை முதன்முதலில் அப்படிச் சொன்னது அன்றுதான்.

இந்தக் கதவுக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது. கதவு இல்லாமல் அந்த அறுவைக்கு அர்த்தமும் கிடையாது. பாதை சுருங்கிவிட்டால் மறுபடி சென்னை, மறுபடி தேதி. டைலேட்டரும் மற்ற மருந்துகளும் 4,300. கூட்டினால் நான் முதலில் சொன்ன 49,800. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். 2025–26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தாலும் 33,600. அதாவது இலவச ஆபரேஷனுக்கு ஒன்றரை வருஷ நூறு நாள் வேலை. அவள் இழந்த கூத்துக் காசையும் சேர்த்தால் இரண்டரை வருஷத்துக்கு மேல்.

திருநம்பிகளைப் பற்றி எனக்குக் குறைவாகத்தான் தெரியும். கடைக்கு ஒரு பையன் வந்தான். அந்த தேசியச் சான்றுக்கு விண்ணப்பிக்க. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வெயிலில் வியர்த்து ஊற்றுகிறது, மார்பு தெரியாமலிருக்கச் சட்டைக்குள் கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றியிருக்கிறான், மூச்சு வாங்குகிறான். அவர்களுக்குக் குருவும் கிடையாது, ஜமாத்தும் கிடையாது, கடன் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. அறுவையும் ஒன்றோடு முடியாது: மார்பு, கர்ப்பப்பை, அதன் பிறகு வேண்டுமென்றால் மற்றது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஊசி விலை ஒரு பக்கம், அதைப் போட்டுவிட ஒரு நர்ஸ் கிடைப்பது இன்னொரு பக்கம். "ஊர்ல போட்டா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்ணா" என்றான். அதனால் திருப்பூரில் போட்டுக்கொள்கிறான், அரைநாள் சம்பளம் போகிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் தங்கச்சியை வீட்டைவிட்டுத் துரத்தினோம். அவனை வீட்டுக்குள் பூட்டப் பார்க்கிறார்கள். அவனிடம் காசு வாங்கவில்லை. நோட்டையும் காட்டவில்லை, பயந்துவிடுவான்.

சித்திரையில் கூவாகம் வரும். எங்கள் மாவட்டம்தான், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள நாடு முழுக்கவிருந்து வருவார்கள், டிவி வரும், அழகிப் போட்டி நடக்கும். இந்த வருடம் நானும் போனேன். குருவைப் பார்த்தேன். கதவைப் பற்றிச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அப்ப நாப்பது நாளும் நீங்களே பாத்துட்டீங்க" என்றார். நாற்பதாம் நாள் பால் ஊற்றும்போது அவர்தான் வந்து முன்நின்று செய்தார், ஏரிக்கரையில். அந்தச் செலவை அவரே போட்டார். அது நோட்டில் இல்லை.

தங்கச்சி மறுபடி ஆடுகிறாள். பாஞ்சாலி வேஷத்துக்கு இப்போது ராத்திரிக்கு ஆயிரம். அடுத்த ரத்தப் பரிசோதனை ஆடிப் பெருக்குக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. அந்த வாரத்தில் அவள் மூன்று கூத்து ஒப்புக்கொண்டிருக்கிறாள், திங்கள் ராத்திரி ஒன்று சேர்த்து. நேற்றுப் போன் செய்து, "தேதிய ஒரு வாரம் தள்ள முடியுமான்னு கேட்டுப் பாருண்ணா" என்றாள். யாரிடம் கேட்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.